மெத் நிறுத்தி மாதக்கணக்காகியும் எதிலும் ஒட்டவில்லை: மூளையில் என்ன நடந்திருக்கும்?

மழைமேகம் எழுதியது:

என் தம்பி சில வருடம் மெத்தாம்ஃபெட்டமைன் (மெத்) போதைப் பழக்கத்தில் இருந்தான். இப்போது நிறுத்திவிட்டான், சிறுநீர்ப் பரிசோதனையும் சுத்தமாகத்தான் வருகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நிறுத்திய புதிதில் நாள் முழுக்கத் தூங்கினான், எழுந்து வாரிச் சாப்பிட்டான், மறுபடி தூங்கினான். அது சீக்கிரமே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்திருக்கிற நிலைதான் எங்களுக்குப் புரியவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, எதிலும் ஒட்டுதலே இல்லை. முன்பு உயிராக வைத்திருந்த கிடாரை எடுப்பான், இரண்டு நிமிடம் பார்ப்பான், வைத்துவிடுவான். ஒரு படிவம் நிரப்பக் கொடுத்தால் பாதியில் நின்றுபோகிறான்.

"மூளை செல்லெல்லாம் கருகியிருக்கும், இனி அவ்வளவுதான்" என்று உறவினர் ஒருவர் அவன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் மூளையில் ஓட்டை விழுந்த மாதிரிப் படங்கள், இன்னொரு பக்கம் '90 நாளில் மூளை ரீசெட்' என்று வீடியோக்கள். எதை நம்புவது? செல் சாகிறதா, திரும்ப வருமா, வருமென்றால் எது வரும் எது வராது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், கொஞ்சம் அறிவியல் இருந்தாலும் பரவாயில்லை.

நெறியாளர் எழுதியது:

பேசுங்கள். எவ்வளவு, எப்படி, எங்கே கிடைக்கும் என்ற திசையில் போனால் அந்தப் பதிவு இருக்காது.

பழைய_மருந்தாளர் எழுதியது:

உறவினர் சொன்னதும் தப்பு, ரீசெட் வீடியோவும் தப்பு. நான் மருந்தியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நரம்பு செல் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் செய்தியாக வெளியே விடும், பக்கத்துச் செல் அதைத் தன் ஏற்பிகளில் வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் வெளியே விட்ட செல்லே ஒரு புரதத்தின் வழியாக மிச்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த இழுக்கும் புரதத்துக்கு டோபமைன் கடத்தி என்று பெயர். கோகெய்ன் செய்வது ஒன்றுதான், கடத்தியை அடைத்துவிடுகிறது, வெளியே விட்டது வெளியிலேயே தேங்குகிறது. மெத் அப்படி வாசலில் நிற்பதில்லை. செல்லுக்குள்ளேயே நுழைந்து, டோபமைன் பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருக்கும் நுண்ணிய பைகளிலிருந்து அதைக் கொட்டவைத்து, கடத்தியையும் தலைகீழாக ஓடவைக்கிறது. உள்ளே இழுக்க வேண்டியது வெளியே தள்ள ஆரம்பித்துவிடும். போதாததற்கு, கோகெய்னின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய 1 மணி நேரம் என்றால் மெத்துக்கு 10 முதல் 12 மணி நேரம். உடம்பை விட்டே போகாமல் உட்கார்ந்திருக்கும்.

சேதம் எங்கிருந்து வருகிறது என்றால், பைக்கு வெளியே செல்லுக்குள் சிந்திய டோபமைன் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நச்சாக மாறுகிறது, செல்லின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாவைப் பதம் பார்க்கிறது. உடல் சூடு ஏற ஏற இது மோசமாகும். ஆய்வு எலிகளின் உடம்பைக் குளிர்ச்சியாக வைத்தாலே சேதம் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். இதில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் செல்லின் உடல் அல்ல, அதன் நுனிக்கிளைகள். நுனி கருகியதால் செல் செத்துவிட்டது என்று ஆகாது. உங்கள் உறவினரிடம் இந்த ஒரு வரியை மட்டுமாவது சொல்லுங்கள்.

இன்னொரு மாற்றம், நச்சு எதுவும் இல்லாமலே நடப்பது. வெள்ளம் மாதிரி டோபமைன் வந்துகொண்டே இருந்தால் வாங்கும் செல் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும், குறிப்பாக டி2 வகை ஏற்பிகளை. போதை இருக்கும்வரை இது தெரியாது. நிறுத்தியதும் டோபமைன் சாதாரண அளவுக்கும் கீழே போகும், வாங்கவும் ஆள் குறைவு. அப்போது கிடாரும் நண்பர்களும் சாப்பாடும் மூளையில் எந்தச் சலனத்தையும் எழுப்பாமல் போகும். உங்கள் தம்பி சோம்பேறியும் இல்லை, திமிரும் இல்லை. இதற்கு மருத்துவத்தில் அன்ஹெடோனியா என்று பெயர் உண்டு. கோகெய்ன் பழக்கத்திலிருந்து வெளியே வந்தவர்களை 1993இல் நோரா வால்கோவ் என்ற ஆய்வாளரின் குழு, மூளையின் வேதியியலைக் காட்டும் பிஇடி ஸ்கேனில் பார்த்தபோது, நிறுத்தி 3, 4 மாதம் ஆன பிறகும் டி2 குறைவாகவே இருந்தது. 90 நாள் ரீசெட்காரர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

கேள்விக்குறி எழுதியது:

அப்போ மெத் மாதிரி காபியும் மூளையைத் தூண்டுகிற ஊக்கி தானே சார்? நான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை குடிக்கிறேன், படிக்கப் படிக்க வயிறு கலங்குகிறது.

பழைய_மருந்தாளர் எழுதியது:

காபியின் வேலை வேறு. தூக்கத்தை வரவைக்கும் அடினோசின் உட்காரும் இடத்தை காஃபின் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். டோபமைன் கடத்தியிடம் அது போவதே இல்லை. வயிறு கலங்குவதற்கு அந்த ஐந்து தடவையே காரணமாக இருக்கலாம்.

திரும்பி_வந்தவன் எழுதியது:

மழைமேகம் அக்கா, நீங்கள் எழுதியிருக்கிற தம்பி நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே இருந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நிறுத்திய முதல் வாரங்கள் கஷ்டம்தான், ஆனால் அப்போது எல்லோரும் கூடவே இருப்பார்கள், பாராட்டுவார்கள், நமக்கும் ஒரு வீம்பு இருக்கும். உண்மையான ஆபத்து அதற்கப்புறம் வருகிற வெறுமையில்தான். எல்லாம் சாம்பல் நிறம். சிரிப்பு வராது என்பதுகூட இல்லை, சிரிப்பு வரும், அது உள்ளே போய்ச் சேராது. "இனி வாழ்க்கை முழுக்க இப்படித்தான் என்றால் எதற்கு நிறுத்தினோம்" என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடும். வீட்டில் எல்லோரும் "சரியாகிவிட்டான்" என்று கையை எடுத்துவிட்ட நேரமும் அதே நேரமாக இருக்கும். நான் மறுபடி விழுந்தது அப்போதுதான், கொண்டாட்டத்துக்காக இல்லை, எதையாவது உணர வேண்டும் என்பதற்காக. இரண்டாவது முறை நிறுத்தியபோது ஒரு ஆலோசகர் இந்த வெறுமையைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், வந்தபோது "ஓ, அதுதானா இது" என்று உட்கார முடிந்தது.

எனக்கு ஆர்வம் ஒரே நாளில் திரும்பி வரவில்லை. முதலில் சாப்பாட்டு ருசி, ரொம்ப நாள் கழித்துப் பாட்டு, கடைசியாகத்தான் வேலையில் கவனம். படிவம் நிரப்புவது எனக்கும் பெரிய விஷயமாகவே இருந்தது, முழுசாகத் தராமல் ஒரு பக்கம் ஒரு பக்கமாகக் கொடுத்துப் பாருங்கள்.

வெறும்பார்வை எழுதியது:

உணர்வுகளை மதிக்கிறேன். ஆனால் 'போதை மூளையைத் தின்றுவிடும்' என்ற கதையில் நிறைய ஊதிப் பெரிதாக்கியது உண்டு என்பதையும் இந்த இழையில் யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

2002இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எம்டிஎம்ஏ, அதாவது எக்ஸ்டஸி, ஒரே இரவில் எடுக்கிற அளவே குரங்குகளின் டோபமைன் செல்களை நாசமாக்கிவிட்டது, கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோய் வரலாம் என்றெல்லாம் உலகம் முழுக்கச் செய்தி. அடுத்த வருடமே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஏன் தெரியுமா, குப்பிகளில் லேபிள் மாறிப்போய் அந்தக் குரங்குகளுக்குக் கொடுத்தது எம்டிஎம்ஏவே இல்லை, மெத்தாம்ஃபெட்டமைன். அடுத்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹார்ட்டும் கூட்டாளிகளும் 2012இல் மெத் பற்றிய அறிவாற்றல் ஆய்வுகளை ஒன்றுவிடாமல் பரிசீலித்து எழுதினார்கள். பயன்படுத்துபவர்களின் மதிப்பெண் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்திருந்தாலும் பெரும்பாலும் அவரவர் வயதுக்கும் படிப்புக்கும் உரிய சாதாரண வரம்புக்குள்தான் இருந்தது, ஸ்கேனில் தெரிகிற ஒவ்வொரு வித்தியாசத்தையும் 'சேதம்' என்று எழுதிவிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். இன்னொன்று, போதைக்கு முன்னால் அந்த மூளை எப்படி இருந்தது என்று யார் ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள்? அந்த மூளை முதலிலேயே அப்படித்தான் இருந்திருந்தால்?

பழைய_மருந்தாளர் எழுதியது:

வெறும்பார்வை, குப்பி மாறிய கதை உண்மை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நீங்கள் நின்ற இடம் வேடிக்கையாக இருக்கிறது. அந்தக் குரங்குகளுக்கு டோபமைன் நுனிகள் போனது போனதுதானே, போக வைத்தது எது? மெத். எக்ஸ்டஸிக்கு எதிரான சாட்சி விழுந்தது, மெத்துக்கு எதிரான சாட்சி இன்னும் வலுத்தது.

ஹார்ட் சொன்னதில் பாதி எனக்கும் ஏற்புதான். ஓட்டை விழுந்த மூளை படம் என்று சுற்றுவதெல்லாம் ரத்த ஓட்டத்துக்கோ குளுக்கோஸ் பயன்பாட்டுக்கோ நிறம் கொடுத்த படங்கள், அங்கே நிஜத்தில் ஓட்டை எதுவும் கிடையாது. ஆனால் அளந்து பார்த்த எண்களும் இருக்கின்றன. 2001இல் வால்கோவ் குழு வெளியிட்டதில், மெத் பழக்கத்திலிருந்தவர்களின் டோபமைன் கடத்தி, மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட் பகுதியில் சராசரியாக 27.8 சதவீதமும் அதன் பக்கத்துப் புட்டாமென் பகுதியில் 21.1 சதவீதமும் குறைவு. நடையின் வேகமும் சொற்களை நினைவில் வைக்கும் திறனும் அதற்கேற்பக் குறைந்திருந்தன. மழைமேகத்துக்கு வேண்டியது அதே வருடம் வந்த இன்னொரு கட்டுரை. நிறுத்திய தொடக்கத்தில் ஸ்கேன் எடுத்த 5 பேரை, 12 முதல் 17 மாதம் சுத்தமாக இருந்த பிறகு மறுபடி எடுத்தார்கள். கடத்தி காடேட்டில் 19 சதவீதமும் புட்டாமெனில் 16 சதவீதமும் கூடியிருந்தது. செல் செத்திருந்தால் இப்படி ஏறாது. ஆனால் நினைவாற்றல், வேகச் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் அப்போது தெரியவில்லை. ஐந்தே பேர், அதனால் பெரிய முடிவாக எடுக்க வேண்டாம், ஆனால் திசை தெரிகிறது இல்லையா: வயரிங் முதலில் எழுந்து நிற்கிறது, அதை வைத்துச் செய்கிற வேலை பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

அதற்காக எல்லாமே திரும்பிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2004இல் பால் தாம்ப்சன் குழு எம்ஆர்ஐயில் 22 பேரைப் பார்த்ததில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் சராசரியாக 7.8 சதவீதம் சிறிதாக இருந்தது. 2012இல் கலிஃபோர்னியா மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், மெத் அல்லது அதன் நெருங்கிய உறவான ஆம்ஃபெட்டமைன் தொடர்பாகச் சேர்க்கப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் வரும் ஆபத்து 76 சதவீதம் கூடுதலாக இருந்தது. கோகெய்ன்காரர்களுக்கு அப்படிக் கூடவில்லை, இதையும் கவனியுங்கள், வாசலை அடைப்பதும் உள்ளே போய்க் கொட்டுவதும் ஒன்றல்ல. 76 சதவீதம் என்றதும் பயந்துவிடாதீர்கள் மழைமேகம், அடிப்படை ஆபத்தே சிறியது என்பதால் கூடிய பிறகும் அது சிறியதுதான்.

வெறும்பார்வை எழுதியது:

'முன்னாலேயே அப்படி இருந்ததா' என்ற கேள்விக்குப் பதில் வரவில்லையே.

பழைய_மருந்தாளர் எழுதியது:

வருகிறேன், ஒரே பதிவில் எல்லாவற்றையும் கொட்டினால் யார் படிப்பது.

அந்தக் கேள்விக்கு இரண்டு அழகான ஆய்வுகள் இருக்கின்றன. ஒன்று கேம்பிரிட்ஜின் கேரன் எர்ஷே, 2012. ஊக்கப் போதைக்கு அடிமையானவரையும், அதே பெற்றோருக்குப் பிறந்து போதைப் பக்கமே போகாத உடன்பிறப்பையும் சேர்த்து 50 ஜோடி பார்த்தார். தொடங்கிய செயலை நடுவில் நிறுத்தும் சோதனையில் இருவருமே தடுமாறினார்கள், முன்மூளையையும் ஆழ்பகுதியையும் இணைக்கிற பாதைகளிலும் இருவருக்கும் ஒரே மாதிரி வித்தியாசம். அதாவது கொஞ்சம் முன்னாலேயே இருந்தது, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே மூளையை வைத்துக்கொண்டு ஒருவர் விழவே இல்லை, அதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குரங்கு ஆய்வு, 2002, மைக்கேல் நேடர் குழு. தனித்தனியாக வளர்த்த ஆண் குரங்குகளை நாலு நாலாகக் கூட்டில் சேர்த்தார்கள். கூட்டத்தில் மேலே வந்த குரங்குக்கு டி2 ஏற்பி கூடியது, அடங்கிப்போன குரங்குக்குக் கூடவில்லை. கோகெய்னைத் தானாக எடுக்கும் வசதி கொடுத்தபோது அடங்கிப்போனவை அதிகம் எடுத்தன, மேலே வந்தவற்றை அது அவ்வளவாகக் கவரவில்லை. அப்படியானால் டி2 என்பது பிறவியிலேயே எழுதி வைத்த எண்ணும் இல்லை, மருந்து மட்டும் மாற்றுகிற எண்ணும் இல்லை, மரியாதையோடு இருக்கிறோமா மிதிபட்டு இருக்கிறோமா என்பதும் அதை மாற்றுகிறது. முகத்துக்கு நேரே "இனி அவ்வளவுதான்" என்று சொல்கிறவர்களை ஏன் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்று இப்போது புரிகிறதா? குரங்கிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவக்கூடாது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், தாவக்கூடாது. ஆனாலும் தள்ளி வையுங்கள்.

மழைமேகம் எழுதியது:

ரொம்ப நன்றி சார். உடன்பிறப்பு ஆய்வைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், எனக்கும் எதையும் பாதியில் நிறுத்த வராது.

திரும்பி_வந்தவன் தம்பி, ஒரு பக்கம் ஒரு பக்கமாகக் கொடுக்கிற யோசனையை முயற்சி செய்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும், முதலில் எழுதத் தயக்கமாக இருந்தது. பழக்கம் உச்சத்தில் இருந்தபோது யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று ஜன்னலையெல்லாம் மூடிவைத்தான், தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது என்று கையைப் புண்ணாக்கிக்கொண்டான். இப்போது அதெல்லாம் இல்லை. அது மனச்சிதைவு நோயின் ஆரம்பமா?

இரவு_ஷிஃப்ட் எழுதியது:

மனநலப் பிரிவில் செவிலியர் வேலை. நீங்கள் எழுதியது எங்களுக்கு ரொம்பப் பழகிய காட்சி, ஊக்கி சைக்கோசிஸ் என்போம். சந்தேகம், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், குரல் கேட்பது, தோலில் பூச்சி ஊர்வது. இதை மனச்சிதைவிலிருந்து அந்த நேரத்தில் பிரித்துப் பார்ப்பது அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம். 1958இல் பிலிப் கானல் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஆம்ஃபெட்டமைனால் இப்படி ஆன 42 பேரைப் பற்றி எழுதினார். மருந்து உடம்பை விட்டுப் போனதும் பெரும்பாலோர் தெளிந்துவிட்டார்கள் என்பதுதான் அதில் முக்கியம். நாங்களும் தினமும் பார்ப்பது அதைத்தான், நல்ல தூக்கமும் சில நாட்களும், சிலருக்கு மாத்திரையும், அவ்வளவில் அடங்கிவிடும். தூக்கத்தை விட்டுவிடாதீர்கள். நாள் கணக்கில் தூங்காத மூளை மருந்தே இல்லாமல்கூட இல்லாததைப் பார்க்கும்.

ஆனால் இது தெரிந்திருக்க வேண்டும்: ஒருமுறை இந்த நிலைக்குப் போன மூளை அந்தப் பாதையை மறக்காது. போருக்குப் பிறகு ஜப்பானில் ஃபிலோபான் என்ற பெயரில் மெத் பெரிய அளவில் பரவி, 1951இல் தனிச் சட்டமே போட்டார்கள். அங்கிருந்த மருத்துவர்கள் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், நீண்ட காலம் சுத்தமாக இருந்தவருக்கும் கொஞ்சமே மறுபடி எடுத்தால் அதே பயம் அதே உருவில் சட்டென்று திரும்புவதைக் கண்டார்கள். சிலருக்குக் கடுமையான மன அழுத்தமும் தூக்கமின்மையுமே போதுமானதாக இருந்தது. எனவே, நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் குரல் கேட்டால் மனநல மருத்துவர் முழுசாகப் பார்க்க வேண்டும். உங்கள் தம்பிக்கு நின்றுவிட்டது என்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. ஆனால் இப்போதைய வெறுமையோடு 'வாழ்ந்து என்ன' என்ற பேச்சு எப்போதாவது வந்தால் அதை மூளை வேதியியல் என்று ஒதுக்கிவிடாதீர்கள், நேராகக் கேளுங்கள், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

மறுபடி நான்தான். அண்ணன் பையனுக்கு ஏடிஹெச்டி, கவனம் நிலைக்காத பிரச்சினை, அதற்கு மெதில்ஃபெனிடேட் மாத்திரை கொடுக்கிறார்கள். அதுவும் கடத்தியைத்தான் அடைக்கிறது என்று படித்தேன். கோகெய்ன் செய்வதும் அதுதானே? அண்ணி மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்.

பழைய_மருந்தாளர் எழுதியது:

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். அடைப்பது ஒன்றே, வேகம் வேறு. மெதில்ஃபெனிடேட் வாய்வழியாகப் போனால் மூளையில் உச்சத்தைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே மருந்தை நரம்பில் ஏற்றினால் 10 நிமிடத்துக்குள் தொட்டுவிடும், அப்போது போதை தரும். புகைப்பதும் ஊசியும் மூக்கால் இழுப்பதும் ஏன் அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன என்பதற்கும் இதுதான் விடை, டோபமைன் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு சட்டென்று ஏறுகிறது என்பதை மூளை பெரிதாக எடுத்துக்கொள்கிறது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன வழியில் கொடுப்பது வைத்தியம். அதே மாத்திரையைத் தேர்வு நேரத்தில் நண்பனிடம் வாங்கிப் பொடித்து இழுப்பது வேறு கதை.

திரும்பி_வந்தவன் எழுதியது:

ஒரு சந்தேகம் சார், ரொம்ப நாளாக மனதில் இருப்பது. கடைசிக் காலத்தில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. எடுத்தால் பயம், படபடப்பு, அருவருப்பு. ஆனாலும் தேடிப் போவேன். பிடிக்காததை எப்படி இவ்வளவு வேண்டும் என்று தோன்றும்? இப்போதும் ஒரு குறிப்பிட்ட ரிங்டோன் கேட்டால், பொருள் கொண்டுவருபவனுக்கு வைத்திருந்த ரிங்டோன், யார் போனில் ஒலித்தாலும் உள்ளங்கை வியர்க்கும்.

பழைய_மருந்தாளர் எழுதியது:

1993இல் மிச்சிகனில் டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் இருவரும் முன்வைத்தது கிட்டத்தட்ட உங்கள் அனுபவம்தான். இன்பத்தை அனுபவிப்பது ஒரு சுற்று, வேண்டும் வேண்டும் என்று இழுப்பது வேறு சுற்று. டோபமைன் முக்கியமாக இரண்டாவதன் ஆள். பத்திரிகைகள் அதற்கு 'இன்ப ரசாயனம்' என்று பெயர் வைத்து எல்லோரையும் குழப்பிவிட்டன. ஊக்கிகள் அடிக்கடி வரும்போது அனுபவிக்கிற சுற்று மங்கும், இழுக்கிற சுற்று மட்டும் இன்னும் இன்னும் கூர்மையாகும். ரிங்டோன், இடம், ஒரு ஆள், கையில் பணம் வருகிற தேதி என்று எதெல்லாம் பொருளோடு கூடவே இருந்ததோ அதெல்லாம் இழுக்கும் சக்தியைப் பெற்றுவிடும். இதோடு, 'வேண்டாம்' என்று பிரேக் போடும் முன்மூளைப் பகுதி பலவீனப்பட்டிருக்கும்.

ஒரு விசித்திரம். எலிகளில், கோகெய்னை நிறுத்தியதும் உங்கள் ரிங்டோன் மாதிரியான அடையாளங்களின் இழுப்பு உடனே குறையவில்லை, வாரக்கணக்கில் ஏறியது. 2001இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் 60 நாள் வரை ஏறிக்கொண்டே போனதைக் காட்டினார்கள். மனிதர்களிலும் சாயல் தெரிகிறது. "இத்தனை நாள் ஆயிற்றே, இன்னும் ஏன்" என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஏறியது இறங்கவும் செய்யும், ஆனால் தன் இஷ்டத்துக்கு.

வெறும்பார்வை எழுதியது:

ஏற்கிறேன். அப்படியானால் வைத்தியம்? மாத்திரை இருக்கிறதா இல்லையா?

இரவு_ஷிஃப்ட் எழுதியது:

ஹெராயின் வகைக்கு மெதடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகள் இருக்கிற மாதிரி ஊக்கிகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை கிடையாது. 2021இல் ஒரு பெரிய சோதனை வந்தது, 403 பேர், நால்ட்ரெக்ஸோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்த்து. பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், டம்மி கொடுத்தவர்களில் 2.5 சதவீதம். புள்ளியியலில் வெற்றிதான், வார்டில் நின்று பார்த்தால் பத்தில் ஒன்றுக்கு மேல் கொஞ்சம்.

இதுவரை இருப்பதில் நன்றாக வேலை செய்வது எளிமையான ஒன்று. வாரம் இருமுறை சிறுநீர்ப் பரிசோதனை, சுத்தமாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு சின்னப் பரிசு அல்லது கூப்பன், தொடர்ந்து சுத்தமாக இருந்தால் மதிப்பு ஏறும், தவறினால் முதலிலிருந்து. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவ அமைப்பு 2011இலிருந்து இதை நடத்துகிறது. கூடவே கவுன்சலிங். "தப்பு செய்தவனுக்குப் பரிசா" என்று கேட்காதவர் இல்லை. தூரத்தில் இருக்கிற நன்மை அந்த மூளையை அசைக்காது, 'ஒரு வருடத்தில் நல்ல வேலை' என்பதெல்லாம் காற்றோடு போகும், இன்றைக்கே கையில் வருவதுதான் எட்டும். எங்கள் வார்டில் இது இல்லை என்பதும் உண்மை, நிர்வாகத்துக்குப் புரியவைக்க முடியவில்லை. உடற்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மெத்தை விட்டவர்களில் 8 வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு டி2 கூடியதாகச் சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. தம்பிக்குப் பிடிக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், பிடிப்பது கடைசியில்தான் வரும்.

மழைமேகம் எழுதியது:

இரவு_ஷிஃப்ட் அக்கா, கடைசியாக ஒன்று. அவன் ஒருமுறை தவறிவிட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஸ்கேன் ஏதாவது எடுத்துப் பார்க்க வேண்டுமா?

இரவு_ஷிஃப்ட் எழுதியது:

ஸ்கேன் தேவையில்லை. மேலே பேசியதெல்லாம் குழுச் சராசரி, ஒரு தனி ஆளின் படத்தை வைத்து யாரும் எதிர்காலம் சொல்ல முடியாது. தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம் என்று வேறு காரணம் இருந்தால் மருத்துவரே எழுதுவார்.

தவறினால் சண்டையை அன்றைக்கு ஒத்திவையுங்கள், முதலில் உடம்பைப் பாருங்கள். இந்த வகைகள் ரத்தக் குழாயை இறுக்கி அழுத்தத்தை எகிறவைக்கும், இளம் வயதிலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வருவதைப் பார்த்திருக்கிறோம். நெஞ்சுவலி, திடீரென்று இதுவரை வராத தலைவலி, ஒரு பக்கம் முகமோ கையோ இழுப்பது, பேச்சு குழறுவது, வலிப்பு, இதில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவு. என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இடைவெளிக்குப் பிறகு பழைய அளவை உடம்பு தாங்காது என்று தம்பிக்கும் தெரிந்திருக்கட்டும். இப்போது சில நாடுகளில் இந்தப் பொருட்களில், மூச்சையே நிறுத்தக்கூடிய ஃபென்டனில் என்ற ஹெராயின் வகைப் பொருள் கலந்து வருகிறது. ஆள் அசையாமல் மூச்சு குறைந்து உதடு நீலமானால் அவசர உதவிக்குக் கூப்பிடுங்கள், அந்த வகைக்கு மாற்று மருந்தான நலாக்ஸோன் கிடைத்தால் கொடுங்கள்.

உடம்பு கொதித்து, வியர்த்து, பிதற்றினால் அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, துணியைத் தளர்த்தி, தண்ணீர் தெளித்து விசிறுங்கள், கட்டிப்பிடித்து அடக்க வேண்டாம், திமிறத் திமிறச் சூடு இன்னும் ஏறும்.